‘என்னிடம் துப்பாக்கி இருக்கிறது’ என்று எப்படிச் சொல்வது?

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்கா செல்பவர்களுக்காக எங்கள் பல்கலைக்கழகத்தில் அண்மையில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. நான் எங்கும் போகப்போவதில்லை. அடுத்த பருவத்தை டெக்சஸில் கழிக்கவிருக்கும் என் தோழிக்குத் துணையாகப் போய் உட்கார்ந்திருந்தேன். விசா, காப்புறுதி, வங்கிக் கணக்கு, தங்குமிடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பாதுகாப்பு பற்றிய பகுதியில் இரண்டே வரிகள்: “நீங்கள் பயணம் செய்யும் காரைக் காவல்துறை நிறுத்தினால் காரைவிட்டு இறங்காதீர்கள். கைகளை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.”

என் தோழி கையை உயர்த்தினாள். “கார் ஓட்டுபவர் சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்தால் என்ன செய்வது?”

சிலர் சிரித்துவிட்டார்கள். அவள் விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. அவள் தங்கப்போகும் வீட்டில் உடன் இருக்கப்போகும் அமெரிக்க மாணவி, தன் காரில் எப்போதும் ஒரு கைத்துப்பாக்கி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். விளக்கம் அளித்தவர், “நல்ல கேள்வி, கேட்டுச் சொல்கிறேன்” என்றார். கூட்டம் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டது.

பதிலை நானே தேடிப் பார்த்தேன். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்ற பட்டியல் எளிதாகக் கிடைத்தது. கூடவே, மரியாதையோடு பேசி, மறைக்காமல் உண்மையைச் சொல்லி, அப்படியும் உயிரிழந்த ஒருவரைப் பற்றியும் படிக்க நேர்ந்தது. அவரை விட்டுவிட்டு அந்தப் பட்டியலை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

உரிமை உண்டு, ஒரே விதி இல்லை

சிங்கப்பூரில் வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வியே விந்தையாகத் தோன்றும். இங்கே 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றங்கள் சட்டத்தின்கீழ், துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும் உண்டு. குற்றம் புரியும் நோக்கில் சுட்டால் மரண தண்டனை.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றிப் பேசும் இரண்டாம் திருத்தம் 1791ஆம் ஆண்டிலேயே அந்நாட்டின் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு ஹெல்லர் வழக்கில் கூறியது. பொது இடங்களுக்கு எடுத்துச் செல்வதும் அந்த உரிமையில் அடங்கும் என்று 2022 ஜூன் மாதம் புரூன் வழக்கில் தீர்ப்பளித்தது. இன்று 50 மாநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் சட்டம் தடைசெய்யாத பெரியவர்கள் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி ஏந்தலாம். டெக்சஸ் 2021 செப்டம்பர் மாதத்தில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

அமெரிக்கப் பொதுமக்களிடம் ஏறத்தாழ 393 மில்லியன் துப்பாக்கிகள் இருப்பதாக ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ ஆய்வு நிறுவனம் 2018ஆம் ஆண்டு மதிப்பிட்டது. அது அந்நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம். மறுபுறம், வழக்கமான ஒரு நாளில் 50,000க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களை அமெரிக்கக் காவல்துறையினர் சாலையில் நிறுத்துகிறார்கள் என்று ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வுக் குழு கணக்கிட்டுள்ளது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவரும் காவல்துறை அதிகாரியும் கார்ச் சன்னலோரத்தில் சந்திப்பது அங்கே அன்றாட நிகழ்வு என்பது புரியும்.

அந்தச் சந்திப்புக்கு நாடு முழுமைக்குமான ஒரே விதி இல்லை. மிச்சிகன், வட கரோலைனா போன்ற மாநிலங்களில், மறைத்து ஏந்தும் உரிமம் பெற்றவர் அதிகாரி கேட்பதற்கு முன்பே தாமாகச் சொல்லிவிட வேண்டும். மினசோட்டாவில் அதிகாரி கேட்டால் மட்டும் சொன்னால் போதும். ஒஹையோவில் முன்பு தாமாகச் சொல்ல வேண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டு சட்டத்தை மாற்றி, கேட்டால் சொன்னால் போதும் என்று ஆக்கினார்கள். மாநில எல்லையைத் தாண்டினால், அதே காரில் அதே துப்பாக்கியுடன் இருப்பவரின் கடமை மாறிவிடுகிறது.

சன்னலோரத்தில் செய்ய வேண்டியவை

துப்பாக்கிப் பயிற்சி அளிப்பவர்களும் காவல்துறையினரும் ஓட்டுநர் கையேடுகளும் சொல்லும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. விளக்கு சமிக்ஞையைக் கண்டதும் பாதுகாப்பான இடத்தில் காரை ஓரமாக நிறுத்த வேண்டும். இரவாக இருந்தால் காரின் உள்விளக்கைப் போட வேண்டும். சன்னலை இறக்கிவிட்டு இரு கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல் வைக்க வேண்டும். அதிகாரி வருவதற்குள் ஆவணங்களைத் தேடி இருக்கைக்கு அடியிலோ முன்பெட்டியிலோ துழாவக்கூடாது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது ஆயுதத்தை எடுப்பதைப் போலவோ ஒளிப்பதைப் போலவோ தெரியலாம்.

பிறகு பேச்சு. ‘துப்பாக்கி’ என்ற சொல்லோடு வாக்கியத்தைத் தொடங்காதீர்கள் என்கிறார்கள் பல பயிற்றுநர்கள். “எனக்கு ஆயுதம் ஏந்தும் உரிமம் இருக்கிறது” என்று முதலில் சொல்ல வேண்டும். அடுத்து அது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். கடைசியாக, “நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை கைகள் ஸ்டீயரிங்கைவிட்டு அசையக்கூடாது.

படிக்கும்போது எல்லாம் எளிதாகத்தான் இருக்கிறது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

2016 ஜூலை 6

மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், ஜே.ஜே. ஹில் மாண்டிசோரி பள்ளியின் உணவகத்தில் மேற்பார்வையாளராக வேலை பார்த்தவர் பிலாண்டோ காஸ்டீல். வயது 32. கறுப்பினத்தவர். பள்ளியின் ஏறக்குறைய 500 பிள்ளைகளின் பெயர்களும் அவருக்குத் தெரியும். எந்தப் பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பதுகூட நினைவிருக்கும் என்று உடன் பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கைத்துப்பாக்கி ஏந்த அவரிடம் முறையான உரிமம் இருந்தது.

அன்றிரவு 9 மணியளவில் ஃபால்கன் ஹைட்ஸ் என்ற புறநகரில் அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காதலி. பின்னிருக்கையில் காதலியின் நான்கு வயது மகள். செயின்ட் ஆந்தனி காவல்துறையைச் சேர்ந்த அதிகாரி ஜெரோனிமோ யானெஸ் காரை நிறுத்தினார். நிறுத்த விளக்கு எரியவில்லை என்று காஸ்டீலிடம் சொன்னார். அதற்குச் சற்று முன்பு வானொலித் தொடர்பில் அவர் சொன்ன காரணம் வேறு. காரில் இருப்பவர்கள் அண்மைய கொள்ளைச் சம்பவத்தின் சந்தேக நபர்களைப் போல இருப்பதாகவும், ஓட்டுநரின் அகன்ற மூக்கு அப்படித் தோன்றச் செய்வதாகவும் அவர் சொல்லியிருந்தார். அந்தக் கொள்ளைக்கும் காஸ்டீலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அதன் பிறகு நடந்தவை காவல்துறைக் காரின் கேமராவில் பதிவாகியுள்ளன. ஓட்டுநர் உரிமத்தையும் காப்புறுதிச் சான்றையும் யானெஸ் கேட்டார். காஸ்டீல் காப்புறுதி அட்டையைக் கொடுத்தார். பிறகு நிதானமான குரலில், “ஐயா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் துப்பாக்கி இருக்கிறது” என்றார். அதிகாரி கேட்கவில்லை, மினசோட்டா சட்டப்படி காஸ்டீல் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. நல்லெண்ணத்தில் சொன்னார்.

“அப்படியென்றால் அதை எடுக்காதே” என்றார் அதிகாரி. எடுக்கவில்லை என்று காஸ்டீல் சொன்னார். அவர் எடுக்கவில்லை என்று காதலியும் சொன்னார். எடுக்காதே என்று கத்திக்கொண்டே யானெஸ் ஏழு முறை சுட்டார். ஐந்து குண்டுகள் காஸ்டீல்மீது பாய்ந்தன. அதிகாரி பேசத் தொடங்கியதிலிருந்து முதல் குண்டு வரை ஏறத்தாழ 40 நொடிகள். துப்பாக்கி இருப்பதாகச் சொன்னபின் சில நொடிகள் மட்டுமே.

காஸ்டீலின் துப்பாக்கி அவருடைய காற்சட்டைப் பைக்குள் இருந்தது. சுடுவதற்குத் தயார்நிலையில் அதன் குழல் அறையில் தோட்டா எதுவும் இல்லை.

அடுத்த சில நொடிகளில் அவருடைய காதலி ஃபேஸ்புக்கில் நேரலையைத் தொடங்கினார். உலகமே பார்த்த காணொளி அது. பக்கத்தில் காஸ்டீல் ரத்த வெள்ளத்தில் சாய்ந்து கிடக்கிறார். அதிகாரி சன்னல் வழியே இன்னும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நிலையிலும் அந்தப் பெண் அதிகாரியை ‘ஐயா’ என்றே அழைக்கிறார். உரிமத்தைத்தானே எடுக்கப்போனார், ஐயா என்கிறார்.

எந்தக் கட்டளையை மீறியிருக்க வேண்டும்?

முதலாம் ஆண்டுப் பயிற்சி வகுப்பு ஒன்றில் இந்தச் சம்பவத்தை எங்களுக்கு விவாதத்திற்குக் கொடுத்தார்கள். நான் எழுதிக்கொடுத்த குறிப்பில் ஒரு வரி இப்படி இருந்தது: “அவர் கையை அசைக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம்.” விரிவுரையாளர் அந்த வரியின் கீழ் கோடிட்டு, பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதித் தந்தார்: “எந்தக் கட்டளையை அவர் மீறியிருக்க வேண்டும்?”

பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். பிறகுதான் புரிந்தது. ஓட்டுநர் உரிமத்தைக் காட்டச் சொன்னது முதல் கட்டளை. அதைச் செய்யக் கை நகர வேண்டும். எடுக்காதே என்றது இரண்டாவது கட்டளை. அதைச் செய்யக் கை நகரக்கூடாது. முதல் கட்டளையை அதிகாரி திரும்பப் பெறவே இல்லை. இரண்டாவது கட்டளையில் ‘அதை’ என்ற சொல் துப்பாக்கியைக் குறிக்கிறது. காஸ்டீல் தாம் எடுப்பது அது அல்ல என்று நினைத்திருக்கலாம். அதிகாரியோ பைக்கு அருகே நகரும் எந்தக் கையும் துப்பாக்கியை நோக்கித்தான் போகிறது என்று நினைத்திருக்கலாம். இருவரும் ஒரே சொல்லைக் கேட்டார்கள். இருவருக்கும் அது ஒரே பொருளைத் தரவில்லை.

வகுப்பில் தேசிய சேவையை முடித்துவிட்டு வந்திருந்த நண்பர்கள் உடனே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். ராணுவச் சுடுதளத்தில் ஒரே ஒருவரின் கட்டளைதான் கேட்கும். அடுத்து கை எங்கே போக வேண்டும், துப்பாக்கி முனை எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு கட்டளையிலும் தெளிவாக இருக்கும். ‘செய்யாதே’ என்பதைவிட ‘இதைச் செய்’ என்பதுதான் அதிகம். சுடுபவரும் கட்டளையிடுபவரும் அதே சொற்களை முன்கூட்டியே படித்திருப்பார்கள். நிஜத் தோட்டாக்கள் இருக்கும் இடத்தில் அந்த ஒழுங்குதான் எல்லாரையும் காப்பாற்றுகிறது.

கார்ச் சன்னலோரத்தில் அந்த ஒழுங்கு இல்லை. இரு தரப்பிலும் நிஜத் தோட்டாக்கள் இருக்கின்றன, ஆனால் பொதுவான கட்டளைமொழி கிடையாது. “எடுக்காதே” என்பதற்குப் பதிலாக “இரு கைகளையும் ஸ்டீயரிங்கில் வையுங்கள், உரிமம் பிறகு” என்று அதிகாரி சொல்லியிருந்தால், காஸ்டீல் கீழ்ப்படிவதற்கு ஒரே கட்டளை இருந்திருக்கும்.

அதிகாரியின் அச்சம்

அதிகாரியின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. சாலையில் நிறுத்தப்படும் காரில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அந்த ஆபத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. ஃபிலடெல்ஃபியாவில் காலாவதியான எண்பலகைக்காக ஒரு காரைக் காவல்துறையினர் நிறுத்தியபோது, இறங்கச் சொல்லப்பட்ட ஓட்டுநரின் மேற்சட்டைக்குள் ஏதோ புடைத்துத் தெரிந்தது. சோதித்தால் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி. மிம்ஸ் வழக்கு என அறியப்படும் அதில், முறையாக நிறுத்தப்பட்ட காரின் ஓட்டுநரை இறங்கச் சொல்ல அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் கூறியது. அதனால்தான் ஓட்டுநர்கள் தாமாக இறங்கக்கூடாது, சொன்னால் மறுக்கவும் கூடாது.

காஸ்டீல் இறந்த மறுநாள், 2016 ஜூலை 7ஆம் தேதி, டெக்சஸின் டாலஸ் நகரில் எதிர்ப்புப் பேரணி ஒன்று நடந்தது. அங்கே ஒருவன் காவல்துறையினரைக் குறிவைத்துச் சுட்டதில் ஐந்து அதிகாரிகள் மாண்டனர். அதே பேரணியில் நீள்துப்பாக்கியைச் சட்டப்படி வெளிப்படையாக ஏந்திவந்த கறுப்பின இளையர் ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று காவல்துறை வெளியிட்டது. அவருக்குத் தாக்குதலில் தொடர்பில்லை. தாமே காவல்துறையிடம் சென்று பேசிய பிறகு விடுவிக்கப்பட்டார். பலர் சட்டப்படி ஆயுதம் ஏந்தும் ஊரில், கொலைகாரன் யார், உரிமையைப் பயன்படுத்துபவர் யார் என்பது பார்த்தவுடன் தெரிவதில்லை. அதிகாரிகளின் அச்சத்துக்கு இதுவே வேர். தவறான மனிதர்மீது சந்தேகம் விழுவதற்கும் இதுவே வேர்.

சட்டமும் இந்த முரண்பாட்டில் சிக்கிக்கொண்டிருக்கிறது. 2017ஆம் ஆண்டு ஐந்து மாநிலங்களுக்குப் பொறுப்பான நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ராபின்சன் வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. முறையாக நிறுத்தப்பட்ட ஒருவரிடம் துப்பாக்கி இருப்பதாக நியாயமான சந்தேகம் இருந்தால், அவரிடம் உரிமம் இருக்கக்கூடும் என்றாலும் அதிகாரி அவரை ஆபத்தானவராகக் கருதி உடற்சோதனை செய்யலாம் என்பது அதன் சாரம். சட்டம் அனுமதிக்கும் ஒன்றைச் செய்வதையே ஆபத்தின் அடையாளமாகப் பார்ப்பது சரியல்ல என்று சில நீதிபதிகள் மாறுபட்டார்கள். ஒரு சட்டம் ‘ஏந்தலாம்’ என்கிறது. இன்னொரு சட்டம் ‘ஏந்தினால் நீ ஆபத்தானவன்’ என்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓட்டுநர் கையை ஸ்டீயரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

யானெஸ்மீது மரணம் விளைவித்த குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. தம் உயிருக்குப் பயந்து சுட்டதாக அவர் சாட்சியம் அளித்தார். ஐந்து நாள் ஆலோசனைக்குப் பின் 2017 ஜூன் 16ஆம் தேதி 12 பேர் கொண்ட நடுவர் குழு அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. அவர் பின்னர் அந்தக் காவல்துறையிலிருந்து விலக நேர்ந்தது. காஸ்டீலின் தாயாருக்கு ஏறத்தாழ 3 மில்லியன் அமெரிக்க டாலர் இழப்பீடு தர நகர நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

யாருடைய கார் நிறுத்தப்படுகிறது?

அந்த இரவு காஸ்டீல் வாழ்க்கையில் முதன்முறையாக நிறுத்தப்பட்டவர் அல்லர். அதற்கு முன் குறைந்தது 46 முறை அவருடைய கார் நிறுத்தப்பட்டிருந்தது என்று அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் நீதிமன்றப் பதிவுகளை ஆராய்ந்து கண்டறிந்தது. அவற்றில் ஆறு மட்டுமே, வேக மீறல் போன்று காருக்கு வெளியிலிருந்து பார்த்தாலே தெரியக்கூடிய தவறுகள்.

ஸ்டான்ஃபர்ட் குழு ஏறக்குறைய 100 மில்லியன் சாலை நிறுத்தங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்டது. அதில் ஒரு கண்டுபிடிப்பு எளிமையானது. இருட்டிய பிறகு, ஓட்டுநரின் தோல் நிறம் வெளியிலிருந்து தெரியாத நேரத்தில், நிறுத்தப்படுபவர்களில் கறுப்பினத்தவர்களின் விகிதம் குறைகிறது. பகல் வெளிச்சத்தில் கூடுகிறது.

துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் தேசியத் துப்பாக்கிச் சங்கம், காஸ்டீல் இறந்து இரண்டு நாளுக்குப் பின் வெளியிட்ட அறிக்கையில் அவருடைய பெயரைக் குறிப்பிடவில்லை. சம்பவம் கவலை தருகிறது, விசாரணை நடக்கட்டும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. உரிமை எல்லாருக்கும் ஒன்றுதான் என்று காகிதத்தில் இருக்கிறது. சன்னலோரத்தில் அதற்கு ஒரே எடை கிடைப்பதில்லை என்ற எண்ணம் பல கறுப்பின உரிமதாரர்களுக்கு வந்ததில் வியப்பில்லை.

பாடமாக மாறிய மரணம்

காஸ்டீலின் தாயார் வலெரி காஸ்டீல் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. மினசோட்டா ஓட்டுநர் கையேட்டில், துப்பாக்கி வைத்திருக்கும் ஓட்டுநர் காவல்துறையால் நிறுத்தப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி 2018ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டதில் அவர் குடும்பத்தின் பங்கு உண்டு. மகனுக்குக் கிடைக்காத தெளிவு வேறு பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்பதுதான் அதன் பொருள்.

என் தோழி செல்லவிருக்கும் டெக்சஸில் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டம், சாலையில் நிறுத்தப்படும்போது நடந்துகொள்ளும் முறையை உயர்நிலைப் பள்ளிப் பாடமாகவே ஆக்கியது. அதன் நல்ல அம்சம் என்னவென்றால், அதே விஷயத்தில் காவல்துறை அதிகாரிகளுக்கும் பயிற்சி அளிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சுடுதளத்தைப் போல இரு தரப்பும் ஒரே பாடத்தைப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

இன்னொரு செயலும் நடந்தது. காசில்லாத பிள்ளைகளுக்குக் காஸ்டீல் தம் பணத்திலிருந்து சாப்பாடு வாங்கித் தருவாராம். மெட்ரோபாலிட்டன் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள் 2017ஆம் ஆண்டு வகுப்புத் திட்டப்பணியாக, பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக் கடனை அடைக்க அவர் பெயரில் நிதி திரட்டத் தொடங்கினார்கள். இலக்கு 5,000 டாலர். திரண்டது 100,000 டாலருக்கும் மேல். நம் வயதுடைய மாணவர்கள் ஒரு பருவத்தில் செய்த வேலை அது.

அங்கே செல்லும் நம் மாணவர்களுக்கு

என் தோழியின் கேள்விக்குத் திரும்புகிறேன். படித்ததிலிருந்து நான் அவளுக்குச் சொன்னவை இவை.

முதலாவது, மாணவர் விசா, பரிமாற்ற விசா போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. மாநிலச் சட்டம் அமெரிக்க நண்பருக்கு அளிக்கும் உரிமை நமக்கும் பொருந்தும் என்று நினைக்கக்கூடாது. “கொஞ்சம் இதைப் பிடி”, “உன் பையில் வைத்துக்கொள்” என்று யார் சொன்னாலும் மறுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஒருவருடைய காரில் ஏறுவதற்கு முன்பே துப்பாக்கி இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். அங்கே அது அநாகரிகமான கேள்வி அல்ல. நிறுத்தப்பட்டால் அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளலாம். ஓட்டுநர் உரிமத்தையும் ஆவணங்களையும் துப்பாக்கிக்கு அருகில் வைக்காமல் வேறிடத்தில் வைக்கச் சொல்லலாம். உரிமத்தை எடுக்கும் கை துப்பாக்கியை நோக்கிப் போகாமல் இருக்க இதுவே எளிய வழி.

மூன்றாவது, கார் நிறுத்தப்பட்டால் பயணியும் கைகளைத் தொடைமீதோ முன்னிருக்கும் பலகைமீதோ தெரியும்படி வைக்க வேண்டும். கைப்பேசியை எடுக்கக்கூட அவசரப்படக்கூடாது. துப்பாக்கியைப் பற்றிச் சொல்வதை ஓட்டுநரிடம் விட்டுவிட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் குழப்பம் கூடும்.

நான்காவது, ஒன்றுக்கொன்று முரணான இரு கட்டளைகள் வந்தால் இரண்டையும் செய்ய முயலாமல் அசையாமல் இருந்து, “என் கைகள் இங்கே இருக்கின்றன. இப்போது எதைச் செய்ய வேண்டும்?” என்று கேட்க வேண்டும். அதிகாரி தவறு செய்வதாகத் தோன்றினாலும் சாலையோரத்தில் வாதிடக்கூடாது. நேரத்தையும் இடத்தையும் நினைவில் வைத்திருந்து, பிறகு பல்கலைக்கழகத்தின் உதவியுடன் புகார் செய்யலாம்.

இவற்றைச் சொல்லி முடித்தபோது எனக்கே ஒன்று உறுத்தியது. நான்கு அறிவுரைகளும் காருக்குள் இருப்பவருக்கானவை. பயந்த மனிதர் துப்பாக்கியை நீட்டும்போது, அவரை அமைதிப்படுத்தும் பொறுப்பும் அந்தத் துப்பாக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கே வந்து சேர்கிறது. சம்பளமும் பயிற்சியும் பெற்றவர் அஞ்சினால் சட்டம் புரிந்துகொள்கிறது. பயிற்சியில்லாத சாதாரண மனிதர் அஞ்சி ஓர் அங்குலம் தவறாக அசைந்தால் உயிர் போகிறது. முதலாம் ஆண்டில் நான் எழுதிய அந்த வரியில் இருந்த பிழை இதுதான். இறந்தவரின் கையை மட்டும் பார்த்தேன். அந்தக் கைக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைகளைப் பார்க்கவில்லை.

இதுபோன்ற காணொளிகள் நம் கைப்பேசிகளில் அடிக்கடி வந்துபோகின்றன. கீழே நூற்றுக்கணக்கானோர் “சொன்னதைக் கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா?” என்று எழுதுகிறார்கள். நம்மூரில் சாலையில் நிறுத்தும் அதிகாரியிடம் நாம் நிதானமாகப் பேசுகிறோம் என்றால், நாம் அவர்களைவிடப் பொறுமைசாலிகள் என்று பொருளல்ல. ‘உன்னிடம் துப்பாக்கி இருக்கிறதா’ என்ற கேள்வி நமக்கும் அவருக்கும் நடுவில் இல்லை என்பதே காரணம். அடுத்த முறை அப்படி ஒரு காணொளியைப் பார்த்தால், கருத்து எழுதுவதற்கு முன் என்ன கட்டளை கொடுக்கப்பட்டது என்பதை ஒரு முறை திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

நான் சொன்ன நான்கையும் தோழி தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். சற்று நேரம் யோசித்துவிட்டு, “நான் படித்துவிட்டேன். என் காரை நிறுத்தப்போகிற அதிகாரியும் படித்திருப்பாரா?” என்று கேட்டாள்.

டெக்சஸ் சட்டப்படி படித்திருக்க வேண்டும் என்றேன். அதற்குமேல் உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை.